இன்னும் எத்தனை தடவை?: குழந்தையின் கண் ஆபரேஷனும் மயக்கப் பரிசோதனையும் குறித்துச் சில குறிப்புகள்

குழந்தைக்குக் கண்ணில் ஆபரேஷன் என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் ஒப்பீடு தாத்தாவின் புரை ஆபரேஷன்தான். "காலைல போனாரு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்துட்டாரு, நாலாம் நாள் பேப்பர் படிச்சாரு. இது சின்னக் கண்ணு, இன்னும் சீக்கிரம் முடிஞ்சிடும்" என்று முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பாதிப் பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் இந்த ஒப்பீடு தப்பு. அது தப்பு என்று தெரியாததால் நிறையக் குழந்தைகளின் பார்வை போகிறது. முதல் ஆபரேஷன் நன்றாக முடிந்ததும் "சரியாயிடுச்சு" என்று நின்றுவிடும் குடும்பங்கள்தான் பின்னால் அதிகம் இழக்கின்றன.

எங்கள் மகளுக்கு இரண்டு கண்ணிலும் பிறவிப் புரை. இப்போது ஆறு வயது. இதுவரை ஐந்து ஆபரேஷன். மயக்கம் கொடுத்துச் செய்த பரிசோதனைகள் தனிக் கணக்கு, அது ஒன்பது. நான் டாக்டர் இல்லை. ஒவ்வொரு தடவையும் மனதில் வந்த கேள்விகளை டாக்டர்களிடம் கேட்டும், வீட்டுக்கு வந்து படித்தும் எழுதி வைத்த குறிப்புகள் இவை. இதே வழியில் புதிதாக நடக்க ஆரம்பித்திருப்பவர்களுக்குப் பயன்படலாம்.

ஒரே தடவையில் ஏன் முடியாது?

முதல் காரணம், குழந்தையின் கண் வளர்கிற கண். பிறக்கும்போது விழியின் முன்பின் நீளம் ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 23, 24. இந்த வளர்ச்சியில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று வருடத்திலேயே நடந்துவிடுகிறது. தாத்தாவின் கண்ணுக்கு அளவெடுத்து ஒரு லென்ஸ் வைத்தால் அது கடைசிவரைக்கும் பொருந்தும். இரண்டு மாதக் குழந்தைக்கு அப்படி வைத்தால் ஒரே வருடத்தில் பவர் மாறிவிடும். தீபாவளிக்கு எடுத்த சட்டை பொங்கலுக்குச் சின்னதாகிப் போகிற வயது அது.

இரண்டாவது காரணம், குழந்தையின் திசு சும்மா இருக்காது. பெரியவர்களுக்குப் புரையை எடுக்கும்போது லென்ஸின் பின்னால் இருக்கும் மெல்லிய உறையை அப்படியே விட்டுவிடுகிறார்கள். குழந்தைக்கு அப்படி விட்டால் அது அநேகமாக நிச்சயம் மறுபடியும் மூடிக்கொள்ளும். அதனால் அந்த உறையிலும் ஒரு வட்டம் திறந்து, பின்னால் இருக்கும் கூழ் போன்ற திரவத்திலும் கொஞ்சம் எடுத்துவிடுவார்கள். அப்படியும் சில கண்களில் சவ்வு திரும்ப வளரும். அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். எங்கள் மகளின் மூன்றாவது ஆபரேஷன் இந்தச் சவ்வுக்காகத்தான். முதல் ஆபரேஷனை யாரோ சரியாகச் செய்யவில்லை என்று அர்த்தம் இல்லை. சின்ன வயதுத் திசுவின் குணம் அது.

மூன்றாவது, உள்ளே செயற்கை லென்ஸ் எப்போது வைப்பது என்ற கேள்வி. இதற்கு அமெரிக்காவில் ஒரு முக்கியமான ஆய்வு நடந்தது. ஒரு கண்ணில் மட்டும் புரையோடு பிறந்த, ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளான 114 குழந்தைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷனின்போதே உள்ளே லென்ஸ் வைத்தார்கள். இன்னொரு பிரிவுக்கு வைக்காமல் வெளியே கான்டாக்ட் லென்ஸ் போட்டார்கள். நாலரை வயதில் பார்வையை அளந்தபோது இரண்டு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் பிரிவில் 72 சதவீதக் குழந்தைகளுக்குக் கூடுதலாகக் கண்ணுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. இரண்டாவது பிரிவில் 21 சதவீதம்தான். "ஏன் இப்பவே லென்ஸ் வெக்க மாட்டேங்கறாங்க?" என்று கோபப்படும் பெற்றோர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. லென்ஸ் வைக்காத குழந்தைக்குக் கண்ணாடியின் பவர் பிளஸ் 20ஐயும் தாண்டும். பார்க்கச் சோடா பாட்டில் மாதிரிதான் இருக்கும். இருந்தாலும் பவர் மாறமாறக் கண்ணாடியை மாற்றிவிடலாம், உள்ளே இருப்பதை அவ்வளவு லேசில் மாற்ற முடியாது.

அவசரமும் நிதானமும்

"கொஞ்சம் வளரட்டும், தாங்கற வயசு வரட்டும்" என்பது வீட்டில் வரும் அடுத்த பேச்சு. இதில்தான் கண் மற்ற உறுப்புகளிலிருந்து வேறுபடுகிறது.

டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் 1960களில் பூனைக்குட்டிகளை வைத்துச் செய்த ஆராய்ச்சி இது. பிறந்த குட்டியின் ஒரு கண் இமையைச் சில வாரங்கள் மூடித் தைத்துவைத்து, பிறகு திறந்தார்கள். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் மூளையில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்லவேண்டிய செல்கள் பதில் சொல்லவில்லை. அந்த இடத்தை அடுத்த கண் எடுத்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு இதையே செய்தால் ஒன்றும் ஆகவில்லை. அதாவது மூளை பார்க்கக் கற்றுக்கொள்ள ஒரு பருவம் உண்டு. 1981இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நாம் 'சோம்பேறிக் கண்' என்று சொல்வதன் அடிப்படை இதுதான். சோம்பேறி கண் இல்லை, அதைக் கேட்க மறந்த மூளை.

அதனால் பார்வையை மறைக்கும் அளவு புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் ஆறு வாரத்துக்குள்ளும், இரண்டு கண்ணிலும் இருந்தால் எட்டுப் பத்து வாரத்துக்குள்ளும் எடுத்துவிடப் பார்ப்பார்கள். அதே சமயம், பிறந்து நான்கு வாரம் ஆவதற்கு முன்னால் செய்தால் பிற்பாடு கண் அழுத்த நோய் வரும் ஆபத்து கூடுகிறது என்பதால் முதல் மாதம் காத்திருப்பார்கள். இந்தச் சில வார ஜன்னலுக்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும்.

காலம் தாண்டிவிட்டதென்றால்? அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. எம்.ஐ.டி. பேராசிரியர் பவன் சின்ஹா தொடங்கிய பிரகாஷ் திட்டத்தில், வட இந்தியாவில் பிறவியிலேயே பார்வை மறைந்து வளர்ந்த பெரிய பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்து பின்தொடர்ந்தார்கள். 2011இல் வெளியான அவர்கள் கட்டுரையில் 8 முதல் 17 வயதுள்ள ஐந்து பேர். கட்டு அவிழ்த்த உடனே, கையால் தொட்டுத் தெரிந்த பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. சில நாட்களிலேயே அந்தத் திறமை வளரத் தொடங்கியது. முழுப் பார்வை வரவில்லை, ஆனால் கிடைத்ததை வைத்து மூளை கற்றுக்கொண்டது. தாமதம் நஷ்டம்தான். அதற்காக, தாமதமாகிவிட்டதே என்று கையை விரித்துவிடவும் கூடாது.

மயக்கம் கொடுத்து எதற்குப் பரிசோதனை?

ஆபரேஷனைவிடப் பெற்றோரைச் சோர்வடைய வைப்பது இதுதான். ஆஸ்பத்திரியில் 'இ.யு.ஏ.' என்று எழுதுவார்கள். "வெறும் செக்கப்புக்கு எதுக்குங்க மயக்கம்?" என்று எங்கள் வீட்டில் ஆயா கேட்காத மாதம் இல்லை.

பெரியவர்கள் தாடையை வைத்து அசையாமல் உட்காருவது போல ஒன்றரை வயதுக் குழந்தை உட்காராது. பிடித்து அழுத்தினால் அழும், அழுதால் கண்ணின் அழுத்தம் ஏறும், எடுத்த அளவு பொய்யாகிவிடும். மயக்கத்தில் நான்கு விஷயங்களை ஒரே தடவையில் பார்த்துவிடுகிறார்கள். கண்ணின் அழுத்தம், கருவிழியின் குறுக்களவு, விழியின் நீளம், விழித்திரையும் அதன் நரம்பும். முதல் அளவிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பெரும்பாலான மயக்க மருந்துகள் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். அதனால் அந்த ஒரு எண்ணை மட்டும் நம்பாமல் மற்ற மூன்றையும் முந்தைய தடவையோடு ஒப்பிடுகிறார்கள். ஒரு வயதுக்குள் கருவிழி 12 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, விழி எதிர்பார்த்ததைவிட வேகமாக நீண்டாலோ சந்தேகம் வரும்.

எதன் மேல் சந்தேகம்? கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய். சின்ன வயதில் புரை எடுத்த கண்ணில் இது மாதங்கள் கழித்தும் வரலாம், வருடங்கள் கழித்தும் வரலாம். வலி இல்லாமல் நரம்பைத் தின்னும். குழந்தையின் விழி இளக்கமானது என்பதால் அழுத்தத்தில் விரிந்து பெரிதாகும். "கண்ணு எவ்ளோ பெருசா, லட்சணமா இருக்கு பாரு" என்று ஊரே கொஞ்சும் கண் நோய்க் கண்ணாக இருக்கலாம். கண்ணில் நீர் வடிவது, வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க மறுப்பது, கருவிழி மங்குவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அடுத்த தேதிக்குக் காத்திருக்கக் கூடாது.

விழித்திரைப் புற்று வந்த குழந்தைகளுக்கு இந்த மயக்கப் பரிசோதனை இன்னும் நெருக்கம். சிகிச்சை நடக்கும்போது மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவைகூட இருக்கும். பார்க்கும்போதே லேசரோ உறைய வைக்கும் சிகிச்சையோ செய்துவிடுவார்கள். போட்டோவில் ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஒரு கண்மணி சிவப்பாகவும் இன்னொன்று வெள்ளையாகவும் விழுந்தால், அது புரையாகவும் இருக்கலாம், இந்தப் புற்றாகவும் இருக்கலாம். "பூ விழுந்திருக்கு" என்று தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விட்டுக்கொண்டு நாளைக் கடத்தாமல் அந்த வாரமே காட்ட வேண்டியது இது.

மயக்க மருந்து மூளையைப் பாதிக்குமா?

நேர்மையான பதில் இரண்டு பகுதி.

குறைந்த நேர மயக்கம் ஒரு தடவை என்றால் பயப்படத் தேவையில்லை. ஏழு நாடுகளில் 722 கைக்குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், குடலிறக்க ஆபரேஷனுக்குப் பாதிப் பேருக்கு முழு மயக்கமும் மீதிப் பேருக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசியும் கொடுத்தார்கள். மயக்க நேரம் சராசரியாக ஒரு மணிக்கும் குறைவு. ஐந்து வயதில் அறிவுத்திறனை அளந்தபோது இரண்டு பக்கமும் ஒன்றுதான். 2019இல் முடிவு வெளியானது.

பல தடவை மயக்கம் என்பது வேறு கேள்வி. 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூன்று வயதுக்குக் கீழே திரும்பத்திரும்பவோ மூன்று மணி நேரத்துக்கு மேலோ மயக்கம் கொடுப்பது பற்றி எச்சரித்தது. 2018இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் வெளியிட்ட ஆய்வில், பல தடவை மயக்கம் பெற்ற பிள்ளைகளின் அறிவுத்திறன் குறையவில்லை. ஆனால் விரல்களின் நுண்ணிய இயக்கத்திலும், தகவலைக் கிரகிக்கும் வேகத்திலும் சிறிய குறைவு தெரிந்தது. அடிக்கடி மயக்கம் தேவைப்படும் குழந்தைக்கு வேறு நோயும் இருந்திருக்கும் என்பதால் எல்லாவற்றையும் மருந்தின் மேல் போட முடியாது.

இதை எப்படித் தராசில் வைப்பது? ஒரு பக்கம் இருக்கலாமோ இல்லையோ என்கிற சிறிய குறைவு. இன்னொரு பக்கம் கவனிக்காமல் விட்ட அழுத்தத்தால் நிச்சயமாகப் போகும் நரம்பு. போன நரம்பு திரும்பி வராது. அதனால் நான் தேதியைத் தள்ளிப்போடவில்லை. பதிலாக மூன்று கேள்வி கேட்கப் பழகிக்கொண்டேன். இந்தத் தடவை மயக்கம் இல்லாமல் பார்க்க முடியுமா? காது பரிசோதனை, ரத்தம் எடுப்பது மாதிரி வேறு ஏதாவது இருந்தால் இதே மயக்கத்தில் சேர்த்துச் செய்யலாமா? அடுத்ததற்கு எவ்வளவு இடைவெளி விடலாம்? எந்த டாக்டரும் இதற்குக் கோபப்பட்டதில்லை.

மயக்கத்தின் எண்ணிக்கையைக் குறைக்க வீட்டிலும் வேலை இருக்கிறது. இப்போது கண் அழுத்தம் பார்க்க ஒரு கைக்கருவி உண்டு. சின்ன முனை ஒன்று கருவிழியை லேசாகத் தட்டிவிட்டுத் திரும்பும். மரத்துப்போகும் சொட்டுகூட வேண்டாம். குழந்தை ஐந்து நொடி கண்ணைத் திறந்து வைத்தால் போதும். இதற்காக நாங்கள் வீட்டில் 'டாக்டர் விளையாட்டு' விளையாடினோம். மேசை மேல் தாடை, டார்ச் வெளிச்சம், ஒன்று முதல் ஐந்துவரை எண்ணுவது. முதலில் கரடி பொம்மைக்கு, பிறகு அப்பாவுக்கு, கடைசியில் அவளுக்கு. நான்கு வயதில் முதல் தடவையாக மயக்கம் இல்லாமல் அளவு எடுத்தார்கள். அதன் பிறகு மயக்கப் பரிசோதனை ஒரே ஒன்றுதான்.

அந்த நாள்

பட்டினிக் கணக்கு பொதுவாக இப்படி: பசும்பால், பவுடர் பால், இட்லி போன்ற திட உணவு ஆறு மணி நேரத்துக்கு முன்பு நிறுத்த வேண்டும், எண்ணெய்ப் பலகாரம் என்றால் இன்னும் முன்பு. தாய்ப்பால் நான்கு மணி நேரம். தண்ணீர் போன்ற தெளிந்த திரவம் இரண்டு மணி நேரம். உங்கள் ஆஸ்பத்திரி சொல்லும் நேரம்தான் கடைசி வார்த்தை. பசியில் அழுகிறதே என்று பரிதாபப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுத்தால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகலாம். பாட்டி, சித்தி, பக்கத்துப் படுக்கைக்காரர் எல்லோரிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

குழந்தையிடம் பொய் வேண்டாம். "ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்று ஒரு தடவை சொன்னால் அடுத்த தடவை அந்தக் கட்டடத்தைப் பார்த்ததுமே அலறும். "மூக்குல ஒரு மூடி வெப்பாங்க, ஒரு மாதிரி வாசனை வரும், தூங்கிடுவே, எழுந்திரிக்கும்போது அம்மா பக்கத்துல இருப்பேன்" என்பது போதும்.

முழிக்கும்போது சில குழந்தைகள் வெறி பிடித்தது போல உதைத்து அழும். அம்மாவையே அடையாளம் தெரியாது. முதல் தடவை பார்க்கும்போது மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே தோன்றும். மயக்கம் தெளியும்போது வரும் குழப்பம் அது, பெரும்பாலும் அரை மணியில் அடங்கிவிடும். கையைக் கண்ணுக்குப் போகவிடாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் அப்போது நம் வேலை.

சொட்டு மருந்தில் இரண்டு விஷயம். ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் ஐந்து நிமிட இடைவெளி. விட்டதும் கண்ணின் மூக்கோர மூலையை ஒரு நிமிடம் மெல்ல அழுத்திப் பிடித்தால் மருந்து உடம்புக்குள் இறங்குவது குறையும். கண்மணியை விரிக்கும் அட்ரோபின் உடம்பில் ஏறினால் முகம் சிவந்து காய்ச்சல் போலச் சுடும். இன்னொன்று, தாத்தாவின் அழுத்த நோய்ச் சொட்டு மருந்தைக் குழந்தைக்கு ஒருபோதும் விடாதீர்கள். பிரிமோனிடின் என்ற மருந்து இரண்டு வயதுக்குக் கீழே மூச்சையே நிறுத்திவிடக்கூடியது.

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நடக்கும் பாதி வேலை

புரையை எடுப்பது பாதிதான். மங்கலான கண்ணை மூளை கேட்கும்படி செய்வது மீதி, அது வீட்டில் நடக்கிறது. நல்ல கண்ணின் மேல் பட்டை ஒட்டி, குறைந்த கண்ணால் பார்க்க வைப்பது. மேலே சொன்ன 114 குழந்தைகளின் ஆய்வில் கொடுத்த கணக்கு: எட்டு மாதம்வரை, வயது எத்தனை மாதமோ தினமும் அத்தனை மணி நேரம். அதற்குப் பிறகு விழித்திருக்கும் நேரத்தில் பாதி. எங்கள் மகளுக்கு இரண்டு கண்ணிலும் புரை என்றாலும் இடது கண் பின்தங்கியதால் எங்களுக்கும் இது உண்டு.

சொல்வது சுலபம். புதுச்சேரியின் மே மாதப் புழுக்கத்தில் பட்டை பத்து நிமிடத்தில் வியர்வையில் கழன்று வரும், தோல் சிவக்கும், குழந்தை பிய்த்து எறியும். எங்களுக்கு உதவியவை: தூக்கத்திலேயே ஒட்டிவிடுவது, மின்விசிறி உள்ள அறையில் முதல் மணி, பிடித்த சாப்பாடும் பிடித்த விளையாட்டும் பட்டை நேரத்துக்கு மட்டும். சாயங்காலம் மணிக்கூண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் பஸ், சைக்கிள், பூக்கடை என்று எண்ண வைப்பது. இரண்டு மணி என்று சொன்னதில் ஒன்றரை மணிதான் முடிந்ததா, அந்த ஒன்றரை மணி வீண் இல்லை. மறுநாள் தொடர வேண்டும்.

"மாறுகண் அதிர்ஷ்டம், பொண்ணு கண்ணுல ஏன் ஒட்டு போடறீங்க" என்பவர்களுக்கு ஒரே வரியில் பதில் வைத்துக்கொள்ளுங்கள். "டாக்டர் சொன்ன மருந்துங்க, இதுவும் ஒரு மருந்து." விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் முடியாது.

எங்கே போவது, எதை எழுதி வைப்பது

இந்த ஊரில் இருப்பதில் ஒரு நன்மை உண்டு. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823இல் பிரெஞ்சு அரசு தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் அதன் வேர். தவளக்குப்பத்தில் 2003இலிருந்து அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. இரண்டும் பஸ்ஸில் போய் அன்றே வீடு திரும்பும் தூரம். மாதக்கணக்கில் அலையும் குடும்பத்துக்குத் தூரம்தான் பெரிய செலவு. 2013இல் தொடங்கிய தேசிய பால் ஸ்வாஸ்த்ய திட்டத்தில் பிறவிப் புரையும், குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் விழித்திரை நோயும் பட்டியலில் உள்ளன. அங்கன்வாடி அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். தேதி, இரண்டு கண்ணின் அழுத்தம், நீளம், கருவிழி அளவு, கண்ணாடிப் பவர், மயக்கம் கொடுத்தார்களா, என்ன சொட்டு, அடுத்த தேதி. டாக்டர்கள் மாறுவார்கள், ஃபைல் தேடவேண்டி வரும், நோட்டு நம் கையில் இருக்கும். நான்கைந்து பக்கம் நிரம்பியதும் எண்கள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று நமக்கே தெரியும்.

கடைசியாக ஒன்று. பிறவிப் புரைக்குப் பரம்பரை ஒரு காரணம், பல குழந்தைகளுக்குக் காரணமே தெரியாது. ஆனால் தடுக்கக்கூடிய ஒரு காரணம் உண்டு: கர்ப்பத்தின் தொடக்கத்தில் அம்மாவுக்கு வரும் ரூபெல்லா அம்மை. 1941இல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவர்தான் இந்தத் தொடர்பை முதலில் கண்டுபிடித்தார். இந்தியாவில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கியபோது முதல் ஐந்து இடங்களில் தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன. கல்யாண வயதில் இருக்கும் பெண்ணுக்கு இந்த ஊசி போட்டாச்சா என்று கேட்டு வையுங்கள். போடவில்லை என்றால் கர்ப்பத்துக்கு முன்பே போட வேண்டும், கர்ப்பமான பிறகு போட மாட்டார்கள்.

"இன்னும் எத்தனை தடவை?" என்ற கேள்விக்கு எண்ணாகப் பதில் கிடையாது. முதல் இரண்டு வருடம் அடிக்கடி, பிறகு இடைவெளி கூடும், பள்ளிக்கூடம் போகும் வயதில் மயக்கம் பெரும்பாலும் நின்றுவிடும். அழுத்தம் பார்ப்பது மட்டும் ஆயுளுக்கும் உண்டு. எங்கள் நோட்டில் அடுத்த தேதி ஆறு மாதம் தள்ளிப் போட்டிருக்கிறது. இதுவரை கிடைத்ததில் அதுதான் நீளமான இடைவெளி.